எட்டு முறை தாண்டிய சிவப்பு

ரயில் விபத்துச் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் ஒரே முறையைத்தான் அனுசரிக்கிறோம். முதலில், எத்தனை பேர் மாண்டார்கள் என்று பார்க்கிறோம். அடுத்தபடியாக, நம்முடைய உறவினர், சிநேகிதர் யாராவது அந்த வண்டியில் பிரயாணம் செய்திருக்கக் கூடுமோ என்று ஒரு கணம் திடுக்கிடுகிறோம். அப்படி ஒருவரும் இல்லை என்று நிச்சயமான பிறகு, "யார் செய்த பிசகு?" என்று தேடுகிறோம். "என்ஜின் டிரைவர் சிவப்பு விளக்கைக் கவனியாமல் வண்டியைச் செலுத்திவிட்டார்" என்ற வரி கண்ணில் பட்டதும் நமக்கு ஒருவிதத் திருப்தி உண்டாகிவிடுகிறது. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, ஆறிக்கொண்டிருக்கும் காபியைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

டிரைவர் சிவப்பைத் தாண்டினார் என்பது முழு உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் ஏன் தாண்டினார்? கண் நன்றாகத் தெரிகிறவர், புத்தி தெளிவாக உள்ளவர், பெண்டு பிள்ளைகளோடு வாழ வேண்டும் என்ற ஆசை உடையவர், "நில்!" என்று சொல்லும் விளக்கைத் தாண்டி வண்டியை விரட்டுவானேன்? வண்டிகள் நேருக்கு நேர் மோதினால் முதலில் நசுங்குகிறவர் அவரே அல்லவா?

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய இருபது மாத காலம் விடாப்பிடியாக விடை தேடிய ஒரு விசாரணையைப் பற்றி இங்கே சொல்லப் போகிறோம். இங்கிலாந்து தேசத்தில் 1999-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 5-ந் தேதி நடந்த ஒரு விபத்தைப் பற்றிய விசாரணை அது.

பாடிங்டன் முகத்துவாரம்

லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் பாடிங்டன் என்ற பெரிய ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே லாட்புரோக் குரோவ் என்னும் இடம் வரையில், சுமார் இரண்டு மைல் தூரம், ஆறு பாதைகள் பக்கம் பக்கமாகச் செல்கின்றன. நம் ஊரில் இரட்டைப் பாதை என்றால் ஒன்று போவதற்கு, மற்றொன்று வருவதற்கு என்று திட்டமாக இருக்கும். பாடிங்டன் வாசலில் 1990-களின் தொடக்கத்தில் ஏற்படுத்திய புது அமைப்பு அப்படிப்பட்டதன்று. ஆறு பாதைகளிலும் வண்டிகள் போகவும் செய்யலாம், வரவும் செய்யலாம். எந்த வண்டியை எந்தப் பாதையில் விடுவது என்பதைத் தூரத்தில் ஸ்லவ் என்ற ஊரில் உட்கார்ந்திருக்கும் சிக்னல் உத்தியோகஸ்தர்கள் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தீர்மானிப்பார்கள்.

பிறகு ஹீத்ரோ விமான நிலையத்துக்கு மின்சார ரயில் விடுவது என்று முடிவாயிற்று. அந்த வண்டி 1998-ல் ஓட ஆரம்பித்தது. அதற்காக மேலே கம்பிகளும், கம்பிகளைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும், பீங்கான் சாமான்களும் வந்து சேர்ந்தன. இவை ஒவ்வொன்றும் தனித் தனியே பார்த்தால் நல்ல காரியந்தான். ஆனால் ஓடுகிற வண்டியின் முன்னால் உட்கார்ந்து சிக்னலைத் தேடும் மனிதருடைய கண்ணுக்கு, வீட்டுக் கொடியில் துணி உலர்த்திவிட்டு அதன் வழியாகத் தெருவைப் பார்ப்பது போல் ஆகிவிட்டது.

பழைய காலத்துக் கைகாட்டி மரம் நம்முடைய நேயர்களுக்குத் தெரியும். கை தாழ்ந்தால் போகலாம். நீட்டிக்கொண்டிருந்தால் நிற்க வேண்டும். இப்போது அதனுடைய ஸ்தானத்தில் வர்ண விளக்குகள் இருக்கின்றன. பச்சை என்றால் தாராளமாகப் போகலாம். இரட்டை மஞ்சள் என்றால் வேகத்தைக் குறைக்க ஆயத்தமாகலாம். ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னல் சிவப்பு என்று எதிர்பார்க்க வேண்டும். சிவப்புக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

பாடிங்டனிலிருந்து புறப்படும் பாதைகளுக்குக் குறுக்கே இரும்புப் பாலம் போன்ற ஒரு சட்டம். அதற்கு எட்டாம் நம்பர். அதன்மேல் வரிசையாக ஐந்து சிக்னல்கள். அவற்றில் நடுவில் இருந்த 109-ஆம் நம்பர் சிக்னல்தான் நமது கதாநாயகன், அல்லது வில்லன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை

அன்று செவ்வாய்க்கிழமை. இலையுதிர் காலத்தில் லண்டன்வாசிகளுக்கு எளிதில் கிட்டாத பளிச்சென்ற வெயில். காலை 8 மணி 6 நிமிஷத்துக்குப் பெட்வின் என்ற ஊருக்குச் செல்லும் மூன்று பெட்டி டீஸல் பாஸஞ்சர் வண்டி பாடிங்டனை விட்டுக் கிளம்பியது. அது தேம்ஸ் டிரெயின்ஸ் என்னும் கம்பெனியின் வண்டி. அதே சமயத்தில் எதிர்த் திசையிலிருந்து செல்டன்ஹாம் எக்ஸ்பிரஸ், காலையில் வேலைக்கு வரும் ஜனங்களைச் சுமந்துகொண்டு, லண்டனை நோக்கி வேகமாக வந்துகொண்டிருந்தது. எக்ஸ்பிரஸ் தாண்டிப் போகும் வரையில் பாஸஞ்சர் 109-ஆம் சிக்னலில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்கு முந்திய சிக்னலில் ஒற்றை மஞ்சள். 109-ல் சிவப்பு.

வண்டி நிற்கவில்லை. மணிக்கு 40 மைல் வேகத்தில் அந்தச் சட்டத்தின் கீழே புகுந்து வெளியே வந்தது. அதற்கு அப்பால் பாயிண்டுகள் அமைந்திருந்த விதம் அதை நேரே எக்ஸ்பிரஸ் வரும் பாதையில் கொண்டு சேர்த்தது. சுமார் அரை நிமிஷம் கழித்து இரண்டு வண்டிகளும் மோதிக்கொண்டன. இரண்டின் வேகத்தையும் சேர்த்தால் மணிக்குச் சுமார் 130 மைல். பாஸஞ்சரின் முதல் பெட்டி உருத் தெரியாமல் போயிற்று. டீஸல் எண்ணெய் சிதறித் தீப்பற்றிக்கொண்டது. எக்ஸ்பிரஸின் முன்பக்கத்துப் பெட்டி ஒன்று முழுவதும் எரிந்தது. மாண்டவர்கள் 31 பேர். காயம் அடைந்தவர்கள் 400-க்கு மேல். இரண்டு டிரைவர்களும் இறந்து போனார்கள்.

அந்தப் பாஸஞ்சர் வண்டியின் டிரைவர் முப்பது வயதை இப்போதுதான் கடந்தவர். தேறின டிரைவர் என்று கம்பெனி அவரை ஏற்றுக்கொண்டு 13 நாள்தான் ஆகியிருந்தது.

இதைக் கேட்டதும் பழைய திருப்தி மறுபடியும் தலை தூக்குகிறது அல்லவா? "புது ஆள், அனுபவம் போதாது, கவனிக்கவில்லை. ஆள் போய்விட்டான், பாவம்!" வழக்கை இந்த இடத்தில் முடித்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியம். இறந்தவர் எழுந்து வந்து ஆக்ஷேபிக்கப் போவதில்லை.

யந்திரம் சொன்ன சாக்ஷியம்

ஆனால் விசாரணைக்குத் தலைமை வகித்தவர் கல்லன் பிரபு. ஸ்காட்லாந்து தேசத்து நீதிபதி. 1988-ல் வடகடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து 167 பேர் மாண்டபோது அதை விசாரித்தவரும் அவரே. அவருக்கு முன்னால் வைக்கப்பட்ட சாக்ஷியங்களுள் மிகவும் விசித்திரமானது, நொறுங்கிய வண்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பதிவுக் கருவி. டிரைவர் எந்த விநாடியில் எந்தப் பிடியைத் தள்ளினார், எந்தப் பொத்தானை அழுத்தினார் என்பதை அது குறித்து வைத்திருந்தது.

அந்தக் கருவி சொன்ன விருத்தாந்தம் இது: டிரைவர் தூங்கவில்லை, மயங்கவும் இல்லை. எச்சரிக்கை ஊதல் ஒலித்தபோது அதை அவர் உடனே நிறுத்தியிருக்கிறார். பிறகு, சிக்னலை அடைவதற்கு முன்பே, வேகப் பிடியை மேலே தள்ளியிருக்கிறார். கடைசியில் எதிரே எக்ஸ்பிரஸைக் கண்டதும் பிரேக்கைப் போட்டிருக்கிறார்.

சிவப்பைப் பார்த்தவர் வேகத்தை அதிகப்படுத்துவாரா? ஒரு விளக்கையும் பார்க்காதவர்தான் துணிந்து அதிகப்படுத்துவாரா? அவர் ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார். அது "போ" என்று சொல்வதாக நம்பியிருக்கிறார். அப்படி நம்பும்படி அவருக்குக் காட்டியது எது? விசாரணை முழுவதும் இந்த இடத்திலிருந்து திரும்பிவிட்டது. அதுவரை கூண்டில் நின்றவர் டிரைவர். இனிமேல் 109-ஆம் நம்பர் சிக்னலைக் கூண்டில் ஏற்ற வேண்டியதாயிற்று.

சாதாரணமாக இத்தகைய சிக்னலில் நான்கு விளக்குகளும் ஒன்றின்கீழ் ஒன்றாகச் செங்குத்தாக இருக்கும். 109-ஐச் சேர்ந்த சட்டத்தில் அப்படி வைக்க இடம் போதவில்லை. ஆகவே சிவப்பை மட்டும் வரிசையிலிருந்து பிரித்து, கீழ் மஞ்சளுக்கு இடது புறத்தில் ஒதுக்கி வைத்தார்கள். பந்தியில் இலை போதாமல் ஒருவரைத் தனியே திண்ணையில் உட்கார வைப்பதுண்டே, அந்த மாதிரி. எந்த விளக்கைத் தவறாமல் பார்க்க வேண்டுமோ அந்த விளக்குக்குத்தான் இந்தக் கதி நேர்ந்தது.

அது மட்டுமா? வண்டி எட்டாம் சட்டத்தை நெருங்கும்போது நடுவில் கோல்போர்ன் ரோடு பாலம் குறுக்கிடுகிறது. பாலத்தின் உத்தரமும், மின்சாரக் கம்பிச் சாமான்களும் சேர்ந்து விளக்குகளை மறைத்து மறைத்துக் காட்டுகின்றன. ஐந்து சிக்னல்களிலும் உள்ள விளக்குகளில், ஓடும் வண்டியில் இருப்பவருக்குக் கட்டக் கடைசியாகப் புலப்பட்டது 109-ன் சிவப்புத்தான் என்று அளந்து பார்த்தவர்கள் சொன்னார்கள். பக்கத்துச் சிக்னல்கள் முன்னதாகவே தெரிந்துவிடும்.

இவற்றோடு அன்றைய வெயிலும் சேர்ந்துகொண்டது. வண்டி மேற்கே போகிறது. அக்டோபர் மாதத்துக் காலைச் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் அடிவானத்துக்கருகே நின்று, கிரணங்களைச் சிக்னல் கண்ணாடிகளின்மேல் நேராக வீசுகிறான். வெயில் பட்ட கண்ணாடி, உள்ளே விளக்கு எரியாமலே எரிவதுபோல் தோன்றும். அணைந்திருக்கும் மஞ்சள் மினுங்கும்; எரியும் சிவப்பு வெளுத்துப் போகும். மாலை வேளையில் மேற்கு நோக்கிய ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் பற்றி எரிவதுபோல் தெரிவதை நாம் பார்த்ததில்லையா?

டிரைவர் மனத்தில் ஓடியது என்ன என்பதை நிச்சயமாகச் சொல்ல ஒருவராலும் முடியாது. ஆனால் சிக்னல் மோசமாகத் தெரிந்ததும், வெயிலின் மயக்கமும் சேர்ந்து, போகலாம் என்று சிக்னல் காட்டுவதாக அவரை நம்பச் செய்திருக்க வேண்டும், அதுதான் அதிகப் பொருத்தம் என்று கல்லன் பிரபு முடிவு கட்டினார்.

"ஊதல் ஒலித்ததே, அது எச்சரிக்கவில்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். ரொம்ப நியாயமான கேள்வி. சிக்னலுக்குச் சற்று முன்னால் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு காந்தக் கருவி இருக்கும். பச்சையானால் டிரைவருக்கு மணி அடிக்கும். மற்ற எதுவானாலும் ஊதல் ஒலிக்கும். டிரைவர் பொத்தானை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பிரேக் தானே விழும். இதில் உள்ள விபரீதம் என்னவென்றால், இரட்டை மஞ்சளுக்கும் அதே ஊதல். ஒற்றை மஞ்சளுக்கும் அதே ஊதல். சிவப்புக்கும் அதே ஊதல். பாடிங்டனைப் போல் நெருங்கிய சிக்னல்கள் உள்ள இடத்தில் மஞ்சளுக்குப் பின் மஞ்சளாக வரும்போது, ஊதலும் பொத்தானும் கைப்பழக்கமாகிவிடுகின்றன. "புலி வருகிறது" என்று தினமும் கூவிய இடைப் பையன் கதையை இதற்கு மேல் விளக்குவானேன்?

எட்டுத் தடவை

விசாரணையில் வெளிவந்தவற்றுள் நம்மைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் இனிமேல்தான் வருகிறது.

1993 ஆகஸ்டு முதல் 1998 ஆகஸ்டு வரையிலான ஐந்து வருஷ காலத்தில், இதே 109-ஆம் சிக்னல் சிவப்பாக இருந்தபோது எட்டு முறை வண்டிகள் அதைத் தாண்டிச் சென்றிருக்கின்றன! தெய்வாதீனமாக எட்டுத் தடவையும் மோதல் நிகழவில்லை. தேசம் முழுவதிலும் அதிகமாகத் தாண்டப்பட்ட சிக்னல்களின் ஜாபிதாவில் 109-க்கு இடம் இருந்தது. அதாவது, இது ஒருவரும் அறியாத இரகசியமல்ல. காகிதத்தில் ஏறியிருந்தது, கணக்கில் இருந்தது.

ரயில்வேக்காரர்கள் இத்தகைய தாண்டுதலுக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்பாட். நம் நாட்டு ரயில்வேயிலும் அதே பெயர்தான். பெயர் வைத்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பது எல்லாத் தேசத்து இலாகாக்களுக்கும் பொதுவான குணம் போலிருக்கிறது.

எட்டு முறையில் ஒரு முறையாவது யாரேனும் பதறினார்களா? பதறினார்கள். அதே பாதையில் எக்ஸ்பிரஸ் வண்டிகளை ஓட்டிய கிரேட் வெஸ்டர்ன் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண்மணி. தண்டவாளங்களுக்கும் சிக்னல்களுக்கும் சொந்தக்காரரான ரெயில்டிராக் கம்பெனிக்கு 1998-ல் அவர் கடிதம் எழுதினார். இந்தச் சிக்னல் விஷயத்தில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டார். மேலும் எழுதினார். திருப்தியான பதில் வரவில்லை. ஒரு சிக்னல் பலமுறை தாண்டப்பட்டால், நிபுணர் கமிட்டி ஒன்று கூடி, அது டிரைவர் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது விதி. 109-க்கு அந்தக் கமிட்டி கூடவேயில்லை. கூட வேண்டிய கமிட்டி கூடவில்லையே தவிர, பாடிங்டன் சிக்னல்களைப் பற்றிப் பேசுவதற்கு வேறு கூட்டங்களுக்குக் குறைவில்லை. கூடினார்கள், பேசினார்கள், அடுத்த கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள். எட்டாம் சட்டத்தின்மேல் விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

இன்னொரு பக்கம், அந்த இளம் டிரைவருக்குப் பயிற்சி அளித்த விதத்தைப் பார்ப்போம். வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்த போதகர், பாதையைக் கற்பிப்பது தம்முடைய வேலை என்று கருதவில்லை. 109 பலமுறை தாண்டப்பட்ட சிக்னல் என்ற விஷயத்தை மாணாக்கருக்கு ஒருவரும் சொல்லவில்லை. புது மருமகளை அடுக்களைக்குள் விட்டுவிட்டு, எந்தப் பானை கைப்பிடி ஒடிந்தது என்று சொல்லாமலிருந்தால், சுட்டுக்கொண்ட கைக்கு யார் பொறுப்பு? பயிற்சியில் இருந்த இந்தக் குறைகளைக் கல்லன் பிரபு கண்டிக்கத் தவறவில்லை.

ஸ்லவில் இருந்த சிக்னல் உத்தியோகஸ்தர்களுடைய திரையில், பாஸஞ்சர் சிவப்பைத் தாண்டிய செய்தி தெரிந்தது. அவர்கள் சற்றுக் காத்திருந்தார்கள். ஏன்? தாண்டுகிற வண்டி சிறிது தூரத்தில் தானே நின்றுவிடுவதுதான் வழக்கம்; அப்படியே இதுவும் நிற்கும் என்று எண்ணினார்கள். பிறகு எக்ஸ்பிரஸுக்கு எதிரே இருந்த சிக்னலைச் சிவப்பாக்கினார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. இத்தகைய அவசரத்தில் இன்னது செய்ய வேண்டும் என்று அவர்களுக்கும் தகுந்த பயிற்சி அளிக்கப்படவில்லை. மேற்பார்வை பார்க்கும் ரயில்வே இன்ஸ்பெக்டரேட்டையும் பிரபு விடவில்லை. கம்பெனிகளை அளவுக்கு மீறி நம்பியது, போதிய முனைப்புக் காட்டவில்லை என்று சொல்லிவிட்டார்.

பணமும் பிரேக்கும்

சிவப்பைத் தாண்டும் வண்டியைத் தானாகவே நிறுத்தும் சாதனம் அப்போது உலகத்தில் இல்லாமல் இல்லை. 1988 டிசம்பரில் லண்டனில் கிளாப்ஹாம் சந்திப்பில் நடந்த விபத்தில் 35 பேர் மாண்டார்கள். அதற்குக் காரணம் சிக்னல் கம்பி இணைப்பில் நேர்ந்த தவறு. ஆனாலும் அதை விசாரித்தவர்கள், எல்லாப் பாதைகளிலும் தானியங்கிப் பாதுகாப்புக் கருவி வைக்க வேண்டும் என்று சிபார்சு செய்தார்கள். இரண்டு பாதைகளில் பரீக்ஷார்த்தமாக வைத்தும் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று பாடிங்டனிலிருந்து செல்லும் இதே பாதை! பிறகு செலவுக் கணக்குப் போட்டார்கள். காப்பாற்றக்கூடிய உயிர்களுக்கு ஒரு விலை போட்டு, கருவியின் விலையோடு தராசில் வைத்தார்கள். தராசு கருவியின் பக்கம் தாழ்ந்தது. தேசம் முழுவதும் வைப்பதில்லை என்று 1990-களின் நடுவில் முடிவாயிற்று. தேம்ஸ் டிரெயின்ஸ் கம்பெனியும் தன் வண்டிகளில் வைப்பதைப் பற்றி யோசித்து, அதே மாதிரி கணக்குப் பார்த்து, கைவிட்டது.

1997 செப்டம்பரில் இதே பாதையில் சவுத்தால் என்ற இடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் சிவப்பைத் தாண்டிச் சென்று மோதியதில் 7 பேர் மாண்டார்கள். அந்த வண்டியில் தானியங்கிக் கருவி இருந்தது. ஆனால் இயங்காமல் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஊதலும் கெட்டுப் போயிருந்தது. கணக்குப் பார்ப்பதில் இவ்வளவு சமர்த்தர்கள், இதை எந்தப் பத்தியில் எழுதினார்களோ!

முழுக் கருவிக்குப் பதிலாக, விலை குறைந்த வேறொரு கருவியை எல்லா வண்டிகளிலும், முக்கியமான எல்லா சிக்னல்களிலும் வைக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் சர்க்கார் சட்ட விதி பிறப்பித்தது. சிவப்பைத் தாண்டினால் பிரேக் தானே விழும். டிரைவர் பொத்தானை அழுத்தித் தப்ப முடியாது. அந்த விதி பிறந்தது 1999 ஆகஸ்டு. விபத்து நடந்தது அக்டோபர். விதி பிறந்ததற்கும் கருவி வந்ததற்கும் நடுவில் இருந்த சந்தில் 31 பேர் மாட்டிக்கொண்டார்கள். 2003 முடிவதற்குள் கருவியைத் தேசம் முழுவதும் வைத்து முடித்தார்கள்.

இந்த இடத்தில் வேறொரு டிரைவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1989 மார்ச்சு 4-ந் தேதி, லண்டனுக்குத் தெற்கே பர்லி என்ற இடத்தில், ஒரு பாஸஞ்சர் வண்டி சிவப்பைத் தாண்டி முன்னால் சென்ற வண்டியின்மேல் மோதிற்று. ஐந்து பேர் இறந்தார்கள். டிரைவர் உயிர் பிழைத்தார். அவர்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். அவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். கண்ணியமான மனிதர் வேறு என்ன செய்வார்? சிவப்பைத் தாண்டியது உண்மைதானே? பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, 2007-ல், அப்பீல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. காரணம் என்ன தெரியுமா? அந்த விபத்துக்கு முந்திய ஐந்து வருஷத்தில் அதே சிக்னல் நான்கு முறை தாண்டப்பட்டிருக்கிறது என்பது அப்போதுதான் கோர்ட்டின் முன்னால் வந்தது. அந்த இடத்தின் அமைப்பிலேயே டிரைவர்களைத் தவறச் செய்யும் ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று நீதிபதிகள் கருதினார்கள். சிறையில் கழித்த மாதங்களையும், தலை குனிந்து கழித்த வருஷங்களையும் எந்தக் கோர்ட்டு திருப்பிக் கொடுக்கும்?

நம் பக்கத்தில்

இவையெல்லாம் சீமைச் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. 2011 செப்டம்பர் 13-ந் தேதி இரவு, அரக்கோணத்துக்கு அருகே சித்தேரியில், சிக்னலுக்காக நின்ற பாஸஞ்சர் வண்டியின்மேல் சென்னையிலிருந்து வந்த மின்சார வண்டி பின்னாலிருந்து மோதியது நம் நேயர்களில் பலருக்கு நினைவிருக்கும்.

2024 ஜூன் 17-ந் தேதி வங்காளத்தின் வடபகுதியில், ரங்கபானிக்கு அருகே, காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் ஒரு சரக்கு வண்டி மோதிற்று. 10 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியின் டிரைவரும் அவர்களுள் ஒருவர். அன்றைக்கே ரயில்வேயின் மேலிடத்திலிருந்து, டிரைவர் சிக்னலை மதிக்கவில்லை என்ற சொல் வந்துவிட்டது. பிரேதங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் தீர்ப்புச் சேர்ந்துவிட்டது! பின்னால் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் விசாரித்தபோது வேறு விஷயங்கள் வெளிவந்தன. அன்று காலை முதல் அந்தப் பகுதியில் தானியங்கிச் சிக்னல்கள் பழுதாகியிருந்தன. சிவப்பைத் தாண்டிப் போகலாம் என்று டிரைவர்கள் கையில் ஸ்டேஷனிலிருந்தே சீட்டுக் கொடுத்திருந்தார்கள். என்ன வேகத்தில் போக வேண்டும் என்பது அந்தச் சீட்டில் தெளிவாக இல்லை. அதே காலையில் அதே வழியாகச் சென்ற வண்டிகளில், ஒவ்வொரு சிக்னலிலும் நின்று மெதுவாகச் சென்றது காஞ்சன்ஜங்கா ஒன்றுதான்; மற்றவை அப்படிச் செல்லவில்லை. விபத்து எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்த நிலைமை அது என்பது கமிஷனருடைய அபிப்பிராயம்.

ஒரு விஷயத்தில் நாம் பெருமை கொள்ளலாம். ரயில்வேயை விசாரிக்கிற அதிகாரி ரயில்வேக்கே அடங்கியவராக இருக்கக் கூடாது என்ற நியாயத்தை ஒட்டி, 1941-லேயே இந்தியாவில் ரயில்வே இன்ஸ்பெக்டர்களை ரயில்வே போர்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். இன்றைக்கும் ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் ஆகாய விமான இலாகா மந்திரிக்குக் கீழேதான் இருக்கிறார். ரயிலுக்கும் ஆகாயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது சிரித்தால், சம்பந்தம் இல்லாமலிருப்பதுதான் விசேஷம் என்று பதில் சொல்லலாம். இங்கிலாந்தில், பழி சுமத்துவதற்காக அல்லாமல் காரணம் கண்டுபிடிப்பதற்கென்றே தனிப்பட்ட ரயில் விபத்து ஆராய்ச்சி ஸ்தாபனம் வேண்டும் என்று சிபார்சு செய்தவர் கல்லன் பிரபு. அது 2005-ல் வேலையைத் தொடங்கியது.

அவருடைய அறிக்கையின் முதற் பாகம் 2001 ஜூனில் வெளியாயிற்று. ரெயில்டிராக் கம்பெனி அடுத்த வருஷமே மறைந்து, நெட்வொர்க் ரெயில் என்ற புது ஸ்தாபனத்தின் கைக்குத் தண்டவாளங்கள் மாறின. தேம்ஸ் டிரெயின்ஸ் கம்பெனிக்கு 2004-ல் 20 லட்சம் பவுன் அபராதம். பழைய ரெயில்டிராக்கின் குற்றத்துக்காக நெட்வொர்க் ரெயிலுக்கு 2007-ல் 40 லட்சம் பவுன் அபராதம். முதலில் போட்ட செலவுக் கணக்கில் இந்தத் தொகைகளுக்கு இடம் விட்டிருந்தார்களா என்பது நமக்குத் தோன்றும் ஒரு குறும்பான சந்தேகம்.

109-ஆம் சிக்னல் விபத்துக்குப் பிறகு பல வருஷம் உபயோகத்தில் இல்லாமல் கிடந்தது. 2006 பிப்ரவரியில் அதை மீண்டும் வேலையில் அமர்த்தினார்கள். நான்கு கண்ணாடிகளும், ஓரத்தில் ஒதுக்கிய சிவப்பும் இப்போது இல்லை. ஒரே கண்ணாடி, எந்த வர்ணமானாலும் அந்த ஒரே இடத்தில்தான் தெரியும்.